ரயில் யாருக்காகச் சாய்கிறது? ஜப்பானின் 381 வரிசை வண்டிகளின் கதை

2024 ஜூன் 14 அன்று, ஜப்பானின் ஒகாயாமாவுக்கும் இசுமோவுக்கும் இடையே ஓடும் யாகுமோ எக்ஸ்பிரஸில் 381 வரிசை வண்டிகளின் தினசரி ஓட்டம் முடிவுக்கு வந்தது. 1973இல் வேறொரு பாதையில் ஓடத் தொடங்கிய வகை அது. ஜப்பான் தேசிய ரயில்வே 1987இல் பல நிறுவனங்களாகப் பிரிந்தது. அதற்கு முன் கட்டப்பட்ட எக்ஸ்பிரஸ் மின்வண்டிகளில், அன்றாட அட்டவணையில் கடைசிவரை தாக்குப்பிடித்தது இந்த வகைதான்.

இந்த வண்டியைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இரண்டே விஷயம் சொல்வார்கள். ஒன்று, “வளைவில் வேகமாகப் போகும்போது கவிழாமல் இருக்கச் சாயும் ரயில்.” இன்னொன்று, “ஏறினால் குமட்டல் எடுக்கும் ரயில்.” முதலாவது தவறு. உண்மை அதற்கு நேர் எதிரானது. இரண்டாவதில் உண்மை இருக்கிறது, ஆனால் காரணத்தை யாரும் சொல்வதில்லை. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூட இயற்பியலே போதும்.

பேருந்தில் ஒரு தூக்குவாளி

பேருந்தில் சாம்பார் கொண்டுபோகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாத்திரத்தைத் தரையில் வைத்தால், வண்டி வேகமாகத் திரும்பும்போது சாம்பார் ஒரு பக்கமாக ஏறி விளிம்பு தாண்டிக் கொட்டும். அதே சாம்பாரைத் தூக்குவாளியில் ஊற்றி மேலே உள்ள கம்பியில் தொங்கவிட்டால் என்ன ஆகிறது? திரும்பும்போது வாளியின் அடிப்பாகம் வளைவின் வெளிப்பக்கமாக வீசிப் போகும். வாளி சாய்ந்துதான் நிற்கும், ஆனால் சாம்பார் கொட்டாது. வாளியின் விளிம்புக்கு இணையாக, மட்டமாகவே இருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, விசை எங்கும் மறையவில்லை என்பது. பேருந்து திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது. டயர்கள் சாலையை முன்பு போலவேதான் பற்றிக்கொண்டிருக்கின்றன. தொங்கும் வாளியால் அவற்றின் பாரம் ஒரு துளியும் குறையவில்லை. மாறியதெல்லாம் சாம்பாருக்கு எது “கீழே” என்பதுதான். எடை கீழ்நோக்கி இழுக்கிறது. வளைவில் திரும்புவதால் வெளிநோக்கி ஒரு தள்ளல் உணரப்படுகிறது. இதை மையவிலக்கு விசை என்று படித்திருப்போம். இரண்டும் சேர்ந்தால் சரிவான ஒரு திசை கிடைக்கும். வாளி அந்தத் திசைக்குத் தன் அடியைத் திருப்பிக்கொள்கிறது.

381 வரிசையில் வாளி என்பது ரயில் பெட்டி. சாம்பார் என்பது உள்ளே உட்கார்ந்திருக்கும் பயணி. சாய்வு ரயில் என்ற கருத்தின் மொத்தச் சாரமும் இதுதான். அது பயணிக்காகச் சாய்கிறது, தண்டவாளத்துக்காக அல்ல.

தண்டவாளம் ஏற்கெனவே செய்யும் வேலை

சாயாத ரயில்கள் வளைவில் என்ன செய்கின்றன என்று கேட்கலாம். அவையும் கொஞ்சம் சாய்கின்றன. வளைவுகளில் வெளிப்பக்கத் தண்டவாளத்தை உள்பக்கத்தை விட உயர்த்திப் போடுவார்கள். இந்த உயர வித்தியாசத்துக்கு ரயில்வேயில் கேன்ட் என்று பெயர். ஜப்பானின் பழைய பாதைகளில் தண்டவாளங்களுக்கு இடையே அகலம் 1,067 மி.மீ. மட்டுமே. பழைய மீட்டர் கேஜை விட 67 மி.மீ.தான் அதிகம். அந்தப் பாதைகளில் கேன்ட் அதிகபட்சம் 105 மி.மீ.

அதையே இன்னும் உயர்த்தினால் போதாதா? போதாது, முடியவும் முடியாது. அதே பாதையில் மெதுவாகப் போகும் சரக்கு ரயிலும் உண்டு. சிக்னலுக்காக எக்ஸ்பிரஸே வளைவில் நின்றுவிடுவதும் உண்டு. நிற்கும் வண்டிக்கு மையவிலக்கு விசை கிடையாது, சாய்வு மட்டும்தான் மிஞ்சும். அளவுக்கு மீறி உயர்த்தினால் அது உள்பக்கமாகச் சரியும் அபாயம் வரும். ஆகவே கேன்ட் எல்லா வகை வண்டிகளுக்கும் பொதுவான ஒரு சமரசம். வேகமான வண்டிக்கு அது எப்போதுமே போதாமல்தான் இருக்கும்.

கணக்காகவே பார்த்துவிடலாம். 400 மீட்டர் ஆரமுள்ள வளைவு, வேகம் மணிக்கு 90 கி.மீ. 60 கிலோ எடையுள்ள ஒருவரைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அவர் எடையில் சுமார் 16 சதவீதம். ஏறக்குறைய பத்து கிலோ பாரம் தோளில் சாய்ந்தது போல. முழு அளவு கேன்ட் இருந்தால் அதில் பத்து சதவீதம் அளவுக்கு ஈடாகிவிடும். மீதி ஆறு சதவீதம், மூன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல், பயணியின் மேல்தான் விழும். உட்கார்ந்திருப்பவர் சமாளித்துவிடுவார். கையில் தேநீரோடு நடைபாதையில் நிற்பவர் தடுமாறுவார். கேன்ட் முழு அளவில் இல்லாத வளைவுகளில் நிலைமை இன்னும் மோசம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால் இப்படி. வளைவில் பயணியைத் தள்ளும் விசையில் ஒரு பகுதியைக் கேன்ட் விழுங்கிவிடும். மீதியை யார் விழுங்குவது என்பதே கேள்வி. 381 வரிசையின் பெட்டி 5 பாகை வரை கூடுதலாகச் சாய முடியும். 5 பாகை என்பது எடையில் கிட்டத்தட்ட 9 சதவீதத்துக்கு ஈடு. மேலே சொன்ன ஆறு சதவீதம் அதற்குள் அடங்கிவிடும்.

மலைப்பாதைக்கு வந்த வண்டி

ஜப்பான் என்றதும் நமக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில்தான் நினைவுக்கு வருகிறது. 1964இல் திறந்த டோக்கியோ–ஒசாகா ஷின்கான்சென் பாதை புதிதாகப் போடப்பட்டது. அதன் முக்கிய வளைவுகள் 2,500 மீட்டர் ஆரம் கொண்டவை. ஆனால் நாட்டின் பெரும்பகுதியில் ரயில் என்றால் மலையையும் ஆற்றையும் ஒட்டி வளைந்து வளைந்து போகும் குறுகிய பாதைதான். 300, 400 மீட்டர் ஆர வளைவுகள் அங்கே சாதாரணம். நேராக்க வேண்டுமென்றால் சுரங்கங்களும் பாலங்களும் கட்ட வேண்டும். அதற்கு எல்லா இடத்திலும் பணம் இல்லை.

நகோயாவிலிருந்து கிசோ பள்ளத்தாக்கு வழியாக நாகானோ போகும் பாதை அப்படிப்பட்ட ஒன்று. அதில் ஷினானோ எக்ஸ்பிரஸ் டீசல் வண்டியாக ஓடிக்கொண்டிருந்தது. நீண்ட ஏற்றங்களில் எஞ்சின்கள் சூடேறித் திணறின. பாதையை மின்மயமாக்குவது முடிவானபோது, வளைவுகளையும் சேர்த்தே சமாளிக்க ஒரு வண்டி வேண்டும் என்று தேசிய ரயில்வே நினைத்தது. 1970இல் 591 என்ற சோதனை வண்டியைக் கட்டி ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 381. 1973 ஜூலை 10 அன்று, மின்மயமாக்கல் முடிந்த கையோடு, அது ஷினானோவில் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. ஜப்பானில் சாய்வு வண்டி வணிகச் சேவைக்கு வந்தது அதுவே முதல்முறை. சாதாரண எக்ஸ்பிரஸை விட வளைவுகளில் மணிக்கு 20 கி.மீ. வரை கூடுதல் வேகத்தில் போக அதற்கு அனுமதி இருந்தது. உச்ச வேகம் 120 கி.மீ. அந்த எண் பெரிதாகத் தோன்றாது. ஆனால் வளைவுகளே நிறைந்த பாதையில் நேரத்தை மிச்சப்படுத்துவது உச்ச வேகம் இல்லை. வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைக்காமல் இருப்பதுதான்.

1978இல் வகாயாமா கடற்கரையை ஒட்டி ஓடும் குரோஷியோவுக்கும், 1982இல் சுகோகு மலைத்தொடரைக் குறுக்கே கடக்கும் யாகுமோவுக்கும் அதே வண்டிகள் வந்தன. மொத்தம் 277 பெட்டிகள். மூன்று முறையும் பாதை மின்மயமான அதே நேரத்தில்தான் வண்டியும் வந்தது. இது தற்செயல் அல்ல. பெட்டி சாயும்போது அதன் கூரையும் நகரும். கூரைமேல் நின்று மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பான்டோகிராபும் கூடவே நகரும். அந்த நகர்வுக்கு இடம்விட்டு, வளைவுகளில் மேல்கம்பியைச் சரியாக அமைக்க வேண்டும். கம்பியே புதிதாகப் போடும்போது அதைச் செய்வது சுலபம். ஏற்கெனவே கம்பி இருக்கும் எல்லாப் பாதைகளுக்கும் 381ஐ நினைத்தபடி கொண்டுபோக முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

உருளைகள்மேல் உட்கார்ந்த பெட்டி

இனி இயந்திரத்துக்கு வருவோம். ரயில் பெட்டியின் இரு முனைகளுக்கு அடியிலும் நான்கு சக்கரங்கள் கொண்ட ஒரு இரும்புச் சட்டகம் இருக்கும். அதைச் சக்கரச் சட்டகம் என்று அழைப்போம். சாதாரண வண்டியில் பெட்டி அதன்மேல் ஸ்பிரிங்குகள் மூலம் உட்கார்ந்திருக்கும். 381இல் இரண்டுக்கும் நடுவே இன்னொரு அடுக்கு உண்டு. அது வில்போல் வளைந்த அடிப்பாகம் கொண்ட ஒரு உத்தரம். அந்த உத்தரம் சக்கரச் சட்டகத்தில் பொருத்திய உருளைகளின்மேல் உருளும். உத்தரத்தின் வளைவு ஒரு வட்டத்தின் துண்டு. அந்த வட்டத்தின் மையம் பெட்டியின் ஈர்ப்பு மையத்துக்கு மேலே இருக்கும்படி அமைத்திருந்தார்கள். ஈர்ப்பு மையம் என்றால் பெட்டியின் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி.

ஆக, பெட்டி எந்தக் கயிற்றிலும் தொங்கவில்லை. ஆனாலும் மேலே உள்ள ஒரு கற்பனைப் புள்ளியிலிருந்து தொங்குவது போலவே நடந்துகொள்ளும். வளைவு வந்ததும் அடிப்பாகம் வெளியே வீசும், கூரை உள்ளே சாயும். மோட்டார் இல்லை, எண்ணெய் அழுத்தம் இல்லை, உணரி இல்லை, கணினி இல்லை. பெட்டியைத் தள்ளுவது மையவிலக்கு விசையே. இதை இயற்கை ஊசல் முறை என்பார்கள். 1970களின் மின்னணுவியலை நம்பி ஒரு மலைப்பாதையில் தினமும் ஓட்டுவதை விட இது எவ்வளவோ புத்திசாலித்தனமான தேர்வு என்பது என் கருத்து. பழுதாக என்று அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது.

அப்படியானால் கவிழ்வது?

இப்போது அந்த முதல் தவறான கருத்துக்குத் திரும்பலாம். மோட்டார் சைக்கிள்காரர் வளைவின் உள்பக்கமாகச் சாய்கிறார். அவர் எடையும் உள்ளே போகிறது, அதனால் கவிழாமல் இருக்கிறார். 381ஐயும் அப்படி நினைப்பதால்தான் குழப்பம். ஊசல் முறையில் பெட்டியின் கூரை உள்ளே சாய்ந்தாலும், எடை குவிந்த கீழ்ப்பகுதி வெளியே நகர்கிறது. அதாவது ஈர்ப்பு மையம் வளைவின் வெளிப்பக்கத் தண்டவாளத்தை நோக்கிப் போகிறது. கவிழ்வதற்கு எதிரான பாதுகாப்பு இதனால் கூடுவதில்லை, சற்றே குறைகிறது.

அதை ஈடுகட்ட வடிவமைப்பாளர்கள் செய்ததுதான் இந்த வண்டியின் தனி அழகு. உடலை அலுமினியக் கலவையில் கட்டி எடையைக் குறைத்தார்கள். அக்காலத்து ஜப்பானிய எக்ஸ்பிரஸ்களில் கூரையில் உட்கார்ந்திருந்த குளிர்சாதன இயந்திரங்களை இதில் தரைக்கு அடியில் மாட்டினார்கள். அதனால் படங்களில் பார்த்தால் 381இன் இடைப்பெட்டிகளில் பான்டோகிராபைத் தவிரக் கூரை வெறுமையாக, மழமழவென்று இருக்கும். பெட்டியின் உயரத்தையும் குறைத்தார்கள். பாரம் எல்லாம் கீழே இருக்க, ஈர்ப்பு மையம் தாழ்ந்தது. வேகமாகப் போனாலும் கவிழும் எல்லையிலிருந்து வண்டி போதுமான தூரத்தில் நின்றது. பக்கச்சுவர்கள் மேலும் கீழும் உள்வாங்கி இருப்பதும் இதனோடு சேர்ந்ததுதான். சாயும்போது நடைமேடையிலோ சுரங்கச் சுவரிலோ உரசக் கூடாதே.

ஆக, வேகமாகப் போகும் அனுமதியைப் பெற்றுத் தந்தது இரண்டு தனித்தனி வேலைகள். தாழ்ந்த ஈர்ப்பு மையமும் குறைந்த எடையும் பாதுகாப்பைப் பார்த்துக்கொண்டன. சாய்வு பயணியின் சௌகரியத்தைப் பார்த்துக்கொண்டது. இரண்டில் எது இல்லாவிட்டாலும் அந்த 20 கி.மீ. கிடைத்திருக்காது.

ஏன் தலை சுற்றியது?

யாகுமோவில் பயணிகளுக்காக வாந்திப் பைகள் வைத்திருந்தார்கள். அந்த வண்டியின் கெட்ட பெயருக்குக் காரணம் சாய்வு அல்ல, சாய்வு வந்த நேரம்.

உருளைகள் என்றாலும் உராய்வு உண்டு. வளைவு தொடங்கியவுடன் விசை மெல்ல மெல்லக் கூடும். ஏனெனில் நேர்ப்பாதை சட்டென்று வளைவாக மாறுவதில்லை. நடுவே படிப்படியாக வளையும் ஒரு துண்டு இருக்கும். அதற்கு இடைவளைவு என்று பெயர். அந்த விசை உராய்வை வெல்லும் அளவுக்கு வளரும்வரை பெட்டி அசையாது. வென்ற நொடியில் சட்டென்று சாயும், கொஞ்சம் அதிகமாகவே போய்த் திரும்பும். வளைவு முடியும்போதும் இதே கதைதான். பாதை நேராகிவிட்ட பிறகும் பெட்டி ஒரு கணம் சாய்ந்தே நின்று, பிறகு திடீரென நிமிரும். இதில் ஒரு வளைவு முடிந்ததும் எதிர்த்திசையில் அடுத்த வளைவு வந்தால் சொல்லவே வேண்டாம். முந்தைய வளைவின் பாக்கியைத் தீர்ப்பதற்குள் அடுத்ததற்குச் சாய வேண்டியிருக்கும்.

ஆகவே பயணிக்கு முதலில் பக்கவாட்டுத் தள்ளல், அதன்பின் சாய்வு, பிறகு எதிர்த்தள்ளல் என்று மெதுவான ஆட்டம் வரிசையாக வந்துகொண்டே இருந்தது. மனித உடலுக்கு மிகவும் ஒவ்வாதது இந்த மெதுவான ஆட்டம்தான். படகுப் பயணத்தில் குமட்டுவதும் இதனால்தான். கூடவே, ஜன்னலுக்கு வெளியே அடிவானம் சாய்ந்து நிற்பதைக் கண் பார்க்கிறது, ஆனால் உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு “நேராகத்தான் இருக்கிறோம்” என்கிறது. இந்த முரண்பாட்டைப் பிரிட்டனும் அனுபவித்தது. 1981 டிசம்பரில் அவர்கள் சேவைக்குக் கொண்டுவந்த ஏ.பி.டி. என்ற சாய்வு ரயில், எந்திர விசையால் பெட்டியைச் சாய்த்து, பக்கவாட்டுத் தள்ளலை முழுக்கவே நீக்கப் பார்த்தது. அதிலும் பயணிகளுக்குக் குமட்டியது. தள்ளலில் கொஞ்சத்தை விட்டுவைப்பதே உடலுக்கு நல்லது என்பது அதன்பிறகு சாய்வு ரயில் கட்டுபவர்களிடையே பொதுவான புரிதலாயிற்று.

இதுவரை சுருக்கமாக: 381 தன் விசையைத் தானே தேடிக்கொள்ளும் எளிய இயந்திரம். அதே எளிமையால் அதற்கு வரப்போகும் வளைவு தெரியாது. வளைவு வந்து தள்ளிய பிறகே அது விழித்துக்கொள்ளும்.

வளைவை முன்கூட்டியே அறிதல்

தீர்வு உருளையைத் தூக்கி எறிவது அல்ல. ஊசலுக்கு முன்னறிவிப்புக் கொடுப்பதுதான். பாதையின் ஒவ்வொரு வளைவும் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு வளைகிறது என்பதை வண்டியின் கணினியில் பதிந்துவைப்பார்கள். சக்கரச் சுழற்சியை எண்ணியும், தண்டவாளத்தை ஒட்டிய சிக்னல் கருவிகளைக் கொண்டு சரிபார்த்தும், வண்டி தான் இருக்கும் இடத்தை அறிந்துகொள்ளும். இடைவளைவுக்குச் சற்று முன்பே காற்றழுத்தத்தால் இயங்கும் சிலிண்டர்கள் பெட்டியை மெதுவாகத் தள்ளத் தொடங்கும். மீதியை வழக்கம்போல் மையவிலக்கு விசை பார்த்துக்கொள்ளும். இதற்குக் கட்டுப்பாட்டு ஊசல் முறை என்று பெயர். 1989இல் ஷிகோகுவின் 2000 வரிசை டீசல் வண்டிகளில் இது வந்தது. ஷினானோவில் 1996 டிசம்பருக்குள் 383 வரிசை வண்டிகள் தினசரி ஓட்டங்களை 381இடமிருந்து ஏற்றுக்கொண்டன. அவையும் இந்த முறைதான்.

ஷின்கான்சென் சாய்வதாகவும் சிலர் சொல்வதுண்டு. சரிதான், 2007இல் வந்த என்700 வகை 1 பாகை சாயும். ஆனால் அதில் ஊசல் கிடையாது. ஒரு பக்கத்துக் காற்று ஸ்பிரிங்கை ஊதிப் பெட்டியைத் தூக்குகிறார்கள். 2,500 மீட்டர் வளைவை 270 கி.மீ. வேகத்தில் கடக்க அந்த 1 பாகையே போதுமாக இருந்தது.

ஒரே நிறுவனம், இரண்டு முடிவுகள்

381 ஓய்வுபெற்ற விதத்தில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. குரோஷியோ, யாகுமோ இரண்டையும் நடத்துவது மேற்கு ஜப்பான் ரயில்வே நிறுவனமே. குரோஷியோவில் 2015 அக்டோபரில் 381க்குப் பதிலாக வந்த 289 வரிசை வண்டிகள் சாயவே சாயாது. புதிய வண்டிகள் சீக்கிரம் வேகமெடுக்கின்றன, சாய்வு இயந்திரத்தைப் பராமரிக்கும் செலவும் இல்லை. பயண நேரம் சில நிமிடங்கள் கூடினாலும் பரவாயில்லை என்று அங்கே முடிவானது. சாய்வு ரயில் என்றாலே முன்னேற்றம் என்று எழுதுபவர்கள் இதையும் பார்க்க வேண்டும். அதிலும் லாபநஷ்டக் கணக்கு உண்டு.

யாகுமோவில் அந்தக் கணக்கு வேறு மாதிரி வந்தது. ஒகாயாமாவிலிருந்து இசுமோ வரை சுமார் 220 கி.மீ. தூரம். அதில் பெரும்பகுதி ஆற்றோரமாக மலைக்குள் வளைந்து போகிறது. அங்கே சாய்வைக் கைவிட்டால் நேரம் கணிசமாகக் கூடும். அதனால் 2024 ஏப்ரல் 6 முதல் ஓடத் தொடங்கிய 273 வரிசை வண்டிகளிலும் ஊசல் இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், அவை பாதையோரக் கருவிகளை எதிர்பார்த்து இருப்பதில்லை. ஓடும்போது தாம் அளக்கும் வளைவை, நினைவில் வைத்திருக்கும் பாதை வரைபடத்தோடு தொடர்ச்சியாக ஒப்பிட்டுப் பார்த்து, எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை நுட்பமாகக் கண்டுகொள்கின்றன. சாய வேண்டிய கணத்தை இதனால் இன்னும் துல்லியமாகப் பிடிக்க முடிகிறது. ஜூன் 15 முதல் யாகுமோவின் தினசரி ஓட்டங்கள் எல்லாமே 273 வண்டிகளுக்கு வந்துவிட்டன. 381இன் முதல் முகப்புப் பெட்டி, எண் 381-1, நகோயாவில் உள்ள எஸ்.சி.மேக்லெவ் ரயில்வே பூங்கா அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.